பேத்தோபிசியாலஜி: செவிலிய மாணவர்கள் வார்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வார்டுக்கு வரும் மாணவர்களுக்குப் பேத்தோபிசியாலஜி, அதாவது நோய் வந்தால் உடம்பின் இயக்கம் எப்படி மாறுகிறது என்ற பாடம், தெரியாது என்று சொல்ல மாட்டேன். தேர்வில் நன்றாகத்தான் எழுதியிருப்பார்கள். ஆனால் படித்தது ஒரு பக்கம், படுக்கையில் இருக்கும் நோயாளி ஒரு பக்கம் என்று நிற்கும். படிக்கிற காலத்தில் நானும் என் தோழிகளும் செய்த அதே தவறுகள்தான் பேட்ச் மாறினாலும் மாறாமல் வருகின்றன. பெயர்களைக் குழப்பிக்கொள்வது, நார்மல் அளவுகளை மறப்பது இதெல்லாம் போகப் போகச் சரியாகிவிடும். நோயாளியின் உயிரோடு விளையாடும் தவறுகளை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

அறிகுறிகளைப் பட்டியலாக மனப்பாடம் செய்வது

இடது இதயச் செயலிழப்பு என்றால் மூச்சுத்திணறல், இருமல், படுத்தால் மூச்சு முட்டுதல். வலது என்றால் கால் வீக்கம், கழுத்துச் சிரை புடைத்தல், கல்லீரல் வீக்கம். இப்படி இரண்டு பட்டியல் வைத்துக்கொண்டு படிப்பார்கள். தேர்வன்று காலையில் இரண்டும் கலந்துவிடும்.

இதில் மனப்பாடம் செய்ய ஒன்றுமே இல்லை. இதயம் முன்னே தள்ளாத இரத்தம் பின்னே தேங்கும், அவ்வளவுதான். இடது பக்கத்துக்குப் பின்னால் இருப்பது நுரையீரல். அங்கே நுண்குழாய்களில் அழுத்தம் ஏறினால் நீர் காற்றுப்பைகளுக்குள் கசியும், மூச்சு திணறும். படுக்கும்போது கால்களில் இருந்த இரத்தமும் மேலே வந்து சேர்வதால் திணறல் கூடும். அதனால்தான் அவர் எழுந்து உட்காருகிறார், நாமும் தலைப்பக்கத்தை உயர்த்தி வைக்கிறோம். வலது பக்கத்துக்குப் பின்னால் இருப்பது மீதி உடம்பு முழுவதும்: கழுத்துச் சிரை, கல்லீரல், கால். வலது இதயம் பழுதாவதற்கு மிகப் பொதுவான காரணமே இடது இதயம் பழுதாவதுதான். ஆகவே இரண்டு பட்டியலும் ஒரே நோயாளியிடம் இருப்பதைப் பார்த்துத் திகைக்க வேண்டியதில்லை.

கேர் பிளான் (நோயாளியின் பராமரிப்புத் திட்டம்) எழுதும்போது ஒவ்வொரு அறிகுறிக்கும் பக்கத்தில் 'ஏன்' என்று ஒரு வரி எழுதிப் பாருங்கள். எழுத வராத இடம்தான் நீங்கள் மறுபடி படிக்க வேண்டிய இடம்.

'பிபி நார்மல்' என்று எழுதிவிட்டு நகர்வது

இதை மட்டும் எத்தனை முறை பார்த்தாலும் என்னால் பொறுத்துக்கொள்ள முடிவதில்லை.

வயிற்றில் அறுவை சிகிச்சை முடிந்து வார்டுக்கு வந்த ஒருவரை மூன்றாம் ஆண்டு மாணவி ஒருவர் கவனித்துக்கொண்டிருந்தார். மணிக்கு ஒரு முறை வைட்டல்ஸ் பார்க்க வேண்டும். 6 மணிக்கு பிபி 128/78, பல்ஸ் 84, மூச்சு 16, யூரின் 60 மி.லி. 7 மணிக்கு 122/84, பல்ஸ் 102, மூச்சு 20, யூரின் 30. 8 மணிக்கு 116/90, பல்ஸ் 118, மூச்சு 26, யூரின் 10. நான் ரவுண்ட்ஸ் வந்து எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். "பிபி நார்மல்தான் மேடம். கொஞ்சம் ரெஸ்ட்லெஸ்ஸா இருக்கார், தண்ணி தண்ணின்னு கேக்கறார். வலின்னு நினைக்கிறேன். டாக்டர்கிட்ட வலி ஊசி கேக்கலாமா?" என்றார்.

கையைத் தொட்டேன். மணிக்கட்டு வரை ஜில்லென்று ஈரமாக இருந்தது. நகத்தை அழுத்தி விட்டால் 2 விநாடிக்குள் சிவப்பு திரும்ப வேண்டும். 4 விநாடிக்கு மேல் ஆனது. உடனே சர்ஜனுக்குச் சொன்னோம். ஆபரேஷன் தியேட்டர் தயாராவதற்குள் பிபி 78/50. உள்ளே கட்டிய இரத்தக்குழாய் ஒன்றின் முடிச்சு நழுவி இரத்தம் கசிந்துகொண்டே இருந்திருக்கிறது. அவர் பிழைத்துக்கொண்டார். ஆனால் சிறுநீரகம் பழைய நிலைக்கு வர நாட்கள் ஆயின.

என்னை உறுத்துவது இதுதான்: அந்தச் சார்ட்டில் ஒரு எண்கூடத் தப்பில்லை. எல்லாம் சரியாக அளந்து, அழகாக எழுதியிருந்தது. ஆனால் பிபியின் மேல் எண்ணை மட்டும் பார்த்துவிட்டு மற்றதை யாரும் வாசிக்கவில்லை.

இப்போது அதே எண்களை வாசிப்போம். பிபி என்பது இதயம் ஒரு நிமிடத்தில் தள்ளும் இரத்த அளவும் குழாய்களின் எதிர்ப்பும் சேர்ந்து உண்டாவது. இரத்தம் குறைந்தால் ஒவ்வொரு துடிப்பிலும் வெளியேறும் அளவு குறையும். பெருந்தமனி வளைவிலும் கழுத்துத் தமனியிலும் உள்ள அழுத்த உணரிகள் அதை உடனே கண்டுபிடித்து மூளைத்தண்டுக்குத் தகவல் அனுப்பும். ஆபத்துக் காலத்தில் உடம்பைத் தயார்படுத்தும் சிம்பதட்டிக் நரம்புகள் முடுக்கப்படும், அட்ரினலின் சுரக்கும். இதயம் வேகமாக அடிக்கும். பல்ஸ் 84 இலிருந்து 118 ஆனது இதனால்தான். தோல், குடல், சிறுநீரகக் குழாய்கள் சுருங்கி, இருக்கிற இரத்தத்தை மூளைக்கும் இதயத்துக்கும் திருப்பிவிடும். கை ஜில்லிட்டதும் யூரின் குறைந்ததும் அதனால். சிறுநீரகம் ரெனின் என்ற நொதியைச் சுரக்க, ஆஞ்சியோடென்சின் 2 என்ற ஹார்மோன் உருவாகி, குழாய்களை மேலும் சுருக்கி, தாகத்தையும் தூண்டும். 'தண்ணி தண்ணி' என்றது அதுதான்.

மேல் எண்ணும் கீழ் எண்ணும் நெருங்கி வந்ததையும் கவனியுங்கள். 6 மணிக்கு இடைவெளி 50, அப்புறம் 38, அப்புறம் 26. துடிப்புக்குத் துடிப்பு வெளியேறும் இரத்தம் குறைவதால் மேல் எண் இறங்குகிறது; குழாய்கள் சுருங்குவதால் கீழ் எண் ஏறுகிறது. பல்ஸ் பிரஷர் எனப்படும் இந்த இடைவெளி, மேல் எண்ணான சிஸ்டாலிக்கில் கால் பங்குக்கும் கீழே போனால் துடிப்பின் கொள்ளளவு மோசமாகிவிட்டது என்று அர்த்தம். 116 இல் கால் பங்கு 29. அவருக்கு 26.

மூச்சு ஏன் ஏறியது? திசுக்களுக்கு ஆக்சிஜன் போதாமல் லாக்டேட் சேருகிறது, இரத்தத்தில் அமிலம் கூடுகிறது. அதை ஈடுகட்டக் கார்பன் டை ஆக்சைடை வெளியேற்ற உடம்பு வேகமாக மூச்சு விடுகிறது. மூளைக்குப் போகும் இரத்தம் குறையும்போது முதலில் தெரிவது அமைதியின்மைதான். அந்த நேரத்தில் மார்ஃபின் போன்ற ஊசி போயிருந்தால், பிபியைத் தாங்கிப் பிடித்திருந்த சிம்பதட்டிக் பிடி தளர்ந்திருக்கும். நார்மலாகத் தெரிந்த பிபி அப்போதே சரிந்திருக்கும்.

எவ்வளவு இரத்தம் போனால் பிபி இறங்கும்? 70 கிலோ எடையுள்ளவருக்கு ஏறத்தாழ 5 லிட்டர் இரத்தம் உண்டு. அதில் 15 முதல் 30 சதவீதம், அதாவது 750 முதல் 1500 மி.லி. வரை போனாலும், படுத்திருக்கும் நிலையில் சிஸ்டாலிக் பிபி பெரும்பாலும் இறங்காது என்பதுதான் பாடப்புத்தகங்களின் கணக்கு. நீங்கள் பிபி இறங்கட்டும் என்று காத்திருந்தால், ஒன்றரை லிட்டர் வரை போகட்டும் என்று காத்திருக்கிறீர்கள்.

சில நோயாளிகளிடம் இது இன்னும் ஏமாற்றும். மெட்டோப்ரோலால் போன்ற பீட்டா பிளாக்கர் சாப்பிடுபவருக்குப் பல்ஸ் ஏறாமலே இருக்கலாம். எப்போதும் 170 இருக்கும் பெரியவருக்கு 116 என்பது நார்மல் இல்லை, சரிவு. குழந்தைகள் கடைசி வரை பிபியைப் பிடித்து வைத்திருந்துவிட்டுத் திடீரென்று விழுவார்கள். கர்ப்பிணிகளுக்கு இரத்த அளவு ஏற்கெனவே கூடியிருப்பதால், நிறைய இழந்த பிறகே எண்கள் காட்டும். செப்சிஸில், அதாவது கிருமித் தொற்று உடம்பு முழுவதையும் பாதிக்கும் நிலையில், ஆரம்பத்தில் குழாய்கள் விரிவதால் கை சூடாக இருக்கலாம், இடைவெளியும் அகலமாக இருக்கலாம். 'கை சூடா இருக்கு, ஷாக் இல்லை' என்று முடிவு கட்டிவிடாதீர்கள்; ஷாக் என்றால் உறுப்புகளுக்கு இரத்தம் போதாத நிலை.

ஹீமோகுளோபின் ரிப்போர்ட்டும் அந்த நேரத்தில் உதவாது. இரத்தம் போகும்போது அணுக்களும் பிளாஸ்மாவும் சேர்ந்தே போகின்றன. மீதி இருப்பதன் செறிவு மாறாது. திசுக்களில் இருந்து நீர் குழாய்களுக்குள் வந்த பிறகோ, நாம் ட்ரிப் ஏற்றிய பிறகோதான் அளவு குறைந்து காட்டும்.

டாக்டரைக் கூப்பிடும்போது எப்படிச் சொல்வது என்பதும் முக்கியம். "பேஷண்ட் சரியில்லை" என்றால், "பிபி எவ்வளவு?" என்று கேட்பார். 116 என்றதும் அவருக்கும் அவசரம் தெரியாது. "இரண்டு மணி நேரத்தில் பல்ஸ் 84 இலிருந்து 118, மூச்சு 16 இலிருந்து 26, பல்ஸ் பிரஷர் 50 இலிருந்து 26, யூரின் 10 மி.லி., கை ஜில்லென்று இருக்கிறது, உள்ளே இரத்தம் கசிகிறதோ என்று சந்தேகம், உடனே வந்து பாருங்கள்" என்று சொல்லுங்கள். அவர் வரும் வரை நோயாளியை விட்டு நகராதீர்கள். கேனுலா (சிரையில் போட்ட ஊசிக்குழாய்) வேலை செய்கிறதா, வடிகுழாயில் என்ன வருகிறது, கட்டு நனைந்திருக்கிறதா என்று பாருங்கள். வடிகுழாயில் ஒன்றும் வரவில்லை என்பதால் உள்ளே இரத்தம் இல்லை என்று ஆகாது, குழாய் அடைத்திருக்கலாம்.

வீக்கம் என்றாலே உடம்பில் நீர் அதிகம் என்று நினைப்பது

வீக்கத்துக்கு வழி நான்கு. நுண்குழாயில் அழுத்தம் ஏறலாம், இதயச் செயலிழப்பு போல. நீரைப் பிடித்துவைக்கும் அல்புமின் என்ற புரதம் குறையலாம், சிறுநீரகம் புரதத்தைக் கசியவிடும் நெஃப்ரோட்டிக் சிண்ட்ரோம் போல. குழாய்ச் சுவர் ஓட்டையாகலாம், தீக்காயம், செப்சிஸ் போல. நிணநீர் வடிகால் அடைபடலாம், யானைக்கால் நோய் போல.

கடைசியில் சொன்னது தவிர மற்ற மூன்றிலும் கால் ஒரே மாதிரி குழி விழும். ஆனால் இரண்டாவதிலும் மூன்றாவதிலும் உடம்பு உப்பியிருக்க, இரத்தக்குழாய்க்குள் நீர் வறண்டிருக்கலாம். அவருக்கு 'வீங்கியிருக்கே' என்று தண்ணீரைக் குறைப்பதும், நீர் பிரியும் மருந்தை யோசிக்காமல் கொடுப்பதும் சிறுநீரகத்தை இன்னும் கெடுக்கும். பல்ஸ், பிபி, நாக்கின் ஈரம், யூரின் அளவு, தினசரி எடை எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஒரு கால் மட்டும் வீங்கியிருந்தால் ஆழ்சிரையில் இரத்தம் உறைந்திருக்கலாம். அந்தக் காலைத் தேய்த்துவிடக் கூடாது.

சாச்சுரேஷன் 98, ஆகவே ஆக்சிஜன் போதும்

இருக்கிற ஹீமோகுளோபினில் எத்தனை சதவீதம் ஆக்சிஜனைச் சுமக்கிறது என்பதை மட்டுமே விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்ஸிமீட்டர் காட்டும் அந்த எண் சொல்லும். எல்லா பஸ்ஸிலும் சீட் நிரம்பியிருக்கிறது, ஆனால் ஓடுவதே மூன்றில் ஒரு பங்கு பஸ்தான் என்றால்? ஒரு கிராம் ஹீமோகுளோபின் சுமார் 1.34 மி.லி. ஆக்சிஜன் சுமக்கும். அளவு 15 கிராம் உள்ளவருக்கு 100 மி.லி. இரத்தத்தில் ஏறத்தாழ 20 மி.லி. ஆக்சிஜன். 5 கிராம் உள்ளவருக்கு 7 மி.லி.கூட இல்லை. இருவர் விரலிலும் மிஷின் 98 தான் காட்டும்.

தீ விபத்தில் புகையைச் சுவாசித்தவரிடம் சாதாரண பல்ஸ் ஆக்ஸிமீட்டரை நம்பவே கூடாது. கார்பன் மோனாக்சைடு பிடித்த ஹீமோகுளோபினையும் அது ஆக்சிஜன் என்றே கணக்கில் சேர்த்துக்கொள்ளும்.

சிஓபிடி நோயாளிக்கு ஆக்சிஜனே வைக்கப் பயப்படுவது

சிஓபிடி என்பது நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய். அளவோடு வையுங்கள், சாச்சுரேஷன் இலக்கு 88 முதல் 92 சதவீதம். ஆக்சிஜன் கூடினால் இரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு ஏறும்; அதற்கு மூச்சு விடும் தூண்டுதல் போய்விடும் என்பது மட்டும் காரணமில்லை. காற்று சரியாகப் போகாத பகுதிகளுக்கும் இரத்தம் திரும்பிப் பாய்வதும், ஹீமோகுளோபின் கார்பன் டை ஆக்சைடை உதிர்ப்பதும் அதில் பெரிய பங்கு. ஆனால் சாச்சுரேஷன் 75 இல் திணறுபவருக்கு 'சிஓபிடி ஆச்சே' என்று கை கட்டி நிற்பது மன்னிக்க முடியாதது. குறைந்த ஆக்சிஜன்தான் முதலில் கொல்லும்.

பொட்டாசியம் ரிப்போர்ட் நார்மல் என்று நிம்மதி அடைவது

இன்சுலின் போதாமல் இரத்தத்தில் அமிலம் சேரும் சர்க்கரை நோய் அவசரநிலையான டயபெடிக் கீட்டோஅசிடோசிஸில் இது பெரிய பொறி. இன்சுலின் இல்லாததாலும், சர்க்கரை ஏறி இரத்தம் அடர்வதாலும் பொட்டாசியம் செல்லுக்குள் இருந்து வெளியே வரும். வந்தது யூரினில் போய்க்கொண்டே இருக்கும். மொத்த உடம்பில் கடும் பற்றாக்குறை, ரிப்போர்ட்டில் மட்டும் நார்மல் அல்லது அதிகம். இன்சுலின் ஏற்றியதும் இரத்தத்தில் இருப்பதும் செல்லுக்குள் போய்விடும், இதயத்துடிப்பு தாறுமாறாகும். அதனால்தான் பொட்டாசியம் பார்க்காமல் இன்சுலின் ட்ரிப்பைத் தொடங்குவதில்லை, தொடங்கிய பிறகும் சில மணிக்கு ஒரு முறை பார்க்கிறோம், மானிட்டரில் கண் வைக்கிறோம்.

மூச்சை எண்ணாமல் 18 என்று எழுதுவது

எண்ணுங்கள். முழு 60 விநாடி. நோயாளிக்குத் தெரியாமல்.

குளிர் நடுக்கத்தில் ஈரத்துணி போடுவது

நடுங்கும்போது மூளையில் உள்ள ஹைப்போதாலமஸ் வெப்ப இலக்கை மேலே ஏற்றி வைத்திருக்கிறது. நீங்கள் குளிர்வித்தால் உடம்பு இன்னும் நடுங்கி ஆக்சிஜனைத்தான் செலவழிக்கும். போர்த்திவிடுங்கள், எழுதித் தந்த காய்ச்சல் மருந்தைக் கொடுங்கள், நடுக்கம் நின்று வியர்க்கத் தொடங்கியதும் போர்வையை எடுங்கள்.