ஹோம்ஸ்கூல் பிள்ளையின் எலெக்டிவ்: மணிக்கணக்கிலிருந்து ட்ரான்ஸ்கிரிப்ட் வரை

என் பிள்ளைகள் பள்ளிக்குப் போகாமல் வீட்டிலேயே படிப்பவர்கள். மூத்தவனுக்கு ஹைஸ்கூல் ட்ரான்ஸ்கிரிப்ட், அதாவது கல்லூரிகள் கேட்கும் பாட, கிரேடு பட்டியல், முழுதாகத் தயாரித்து அனுப்பியாயிற்று. இளையவள் இப்போது பத்தாம் வகுப்பு. கணக்கு, அறிவியல், ஆங்கிலம் எதுவும் எனக்குச் சிக்கல் தரவில்லை. புத்தகம் இருக்கிறது, அதற்குக் கடைசிப் பக்கம் இருக்கிறது, முடித்தால் ஒரு கிரெடிட், அதாவது ஒரு பாடத்தை ஓராண்டு படித்ததற்கான அலகு. திணறடித்தது எலெக்டிவ், அதாவது பிள்ளை தன் விருப்பப்படி எடுக்கும் பாடம்தான். பரதநாட்டியத்துக்கும் ஹாம் ரேடியோவுக்கும் (பொழுதுபோக்காக வானொலியில் மற்ற நிலையங்களோடு பேசுவது) கடைசிப் பக்கம் எங்கே?

நாங்கள் டெக்சாஸில் இருக்கிறோம். பள்ளிக்குக் கடிதம் கொடுத்து விலகுவது, பாடத்திட்டம் வாங்குவது எல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

படி 1: எத்தனை வேண்டும்?

டெக்சாஸில் ஹோம்ஸ்கூல் என்பது தனியார் பள்ளிக்குச் சமம். எலெக்டிவ் இத்தனை இருக்க வேண்டும் என்று மாநிலம் எங்களைக் கேட்பதில்லை. அதனால் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான 22 கிரெடிட் அடிப்படைத் திட்டத்தை அளவுகோலாக வைத்துக்கொண்டேன். அதில் எலெக்டிவ் 5, ஃபைன் ஆர்ட்ஸ் (இசை, நடனம் போன்ற கலைகள்) 1, வேற்றுமொழி 2.

நியூயார்க்கில் இருப்பவர்களுக்கு இந்தச் சுதந்திரம் கிடையாது. ஒன்பது முதல் பன்னிரண்டு வரை 3 யூனிட் எலெக்டிவ் என்று விதியிலேயே இருக்கிறது. ஒரு யூனிட் என்பது ஆண்டுக்கு 6,480 நிமிடம், அதாவது 108 மணி. ஆக, முதலில் உங்கள் மாநில விதியைப் படியுங்கள். வேறு மாநிலத்துத் தோழி சொன்னதை வைத்துத் திட்டம் போடாதீர்கள்.

படி 2: பிள்ளை ஏற்கெனவே செய்வதைப் பாருங்கள்

எலெக்டிவ் என்றதும் ஆன்லைன் வகுப்புப் பட்டியலைத் திறந்துவிடுகிறோம். தயவுசெய்து வேண்டாம். இரண்டு வாரம் பிள்ளையைக் கவனியுங்கள். யாரும் சொல்லாமலே எதில் உட்கார்கிறது? என் மகன் உடைந்த ரேடியோவைப் பிரித்துக்கொண்டே இருப்பான். மகளுக்கு நடனம். எலெக்டிவ் என்பது காலி இடத்தை நிரப்பும் பாடம் இல்லை. ட்ரான்ஸ்கிரிப்டைப் பார்ப்பவர் உங்கள் பிள்ளையை அடையாளம் கண்டுகொள்ளக்கூடிய இடம் அதுதான்.

படி 3: மணிக்கணக்கு (நான் தடுக்கி விழுந்த இடம்)

புத்தகம் இல்லாத பாடத்துக்கு மணிதான் அளவு. பொதுவாகப் புழங்குவது கார்னகி யூனிட். 120 மணி ஒரு கிரெடிட், 60 மணி அரை கிரெடிட். ஆண்டுக்கு 36 வாரம் என்றால், ஒரு கிரெடிட்டுக்கு வாரம் 3 மணி 20 நிமிடம்.

இந்த அளவின் கதை சுவையானது. 1906 வாக்கில் கார்னகி அறக்கட்டளை கல்லூரிப் பேராசிரியர்களுக்கு ஓய்வூதியம் தர முன்வந்தது. அதில் சேர விரும்பும் கல்லூரிகள், ஹைஸ்கூலில் 14 யூனிட் படித்தவர்களையே சேர்க்க வேண்டும் என்று நிபந்தனை போட்டது. ஓய்வூதியத்துக்காகப் பரவிய கணக்குதான் இன்று நம் சாப்பாட்டு மேசைவரை வந்திருக்கிறது. எனவே அதைப் புனிதமாக நினைத்துப் பயப்பட வேண்டாம். ஆனால் எழுதி வையுங்கள்.

நான் எழுதி வைக்கவில்லை. மகன் ஒன்பதாம் வகுப்பில் ஹாம் ரேடியோ படித்தான். சாலிடரிங், ஆண்டெனா கட்டுவது, தேர்வுக்குப் படிப்பது என்று நாள் முழுக்க அதுவே. 120 மணியைத் தாண்டியிருக்கும் என்று எனக்கு மனதளவில் நிச்சயம். பதினொன்றாம் வகுப்பில் ஒரு கல்லூரி ஒவ்வொரு பாடத்துக்கும் விளக்கம் கேட்டபோதுதான் கையில் ஒரு தாள்கூட இல்லை என்பது உறைத்தது.

அவனுடைய ரேடியோ லாக் புத்தகம்தான் காப்பாற்றியது. பேசிய ஒவ்வொரு நிலையத்துக்கும் தேதி, நேரம் குறித்திருந்தான். அதிலும் ஒரு சிக்கல். ஹாம் லாக் யுடிசி என்ற உலகப் பொது நேரத்தில் எழுதப்படுவது. குளிர்காலத்தில் எங்கள் மாலை 7 மணி அங்கே மறுநாள் அதிகாலை 1 மணி. திங்கள் மாலை பேசியதெல்லாம் செவ்வாய்க்கிழமைத் தேதியில் இருந்தது. முதலில் நாட்களைத் தப்பும் தவறுமாகக் கூட்டி, பிறகு குளிர்காலப் பதிவுகளில் ஆறு மணியும் கோடைப் பதிவுகளில் ஐந்து மணியும் குறைத்து, மறுபடி கூட்டினேன். பேசிய நேரத்தை அப்படி மீட்டுவிட்டேன். சாலிடரிங் செய்த நேரத்தை எங்கிருந்து மீட்பது? கடைசியில் ஒரு கிரெடிட் போடவில்லை. காட்ட முடிந்ததற்கு அரை கிரெடிட் மட்டும் போட்டேன். அவன் உழைப்பில் பாதி என் கவனக்குறைவால் போனது இன்னும் உறுத்துகிறது.

இப்போது செய்வது இதுதான். அறையில் ஒரு குறிப்பேடு, அதோடு கட்டிய பேனா. நான்கே பத்தி: தேதி, தொடங்கிய நேரம், எத்தனை நிமிடம், என்ன செய்தாள். பிள்ளையே எழுத வேண்டும். ஞாயிறு இரவு அதை நான் கூகுள் ஷீட்ஸில் ஏற்றிவிடுவேன். மணியாக எழுதாதீர்கள், நிமிடமாக எழுதுங்கள். “ஒரு மணி நேரம் இருக்கும்” என்ற உத்தேசம் அப்போது உள்ளே வராது. ஹோம்ஸ்கூலுக்கென்றே மாதச் சந்தா கேட்கும் செயலிகள் உண்டு. இரண்டைப் பயன்படுத்திப் பார்த்தேன். நான்கு இடத்தில் தட்டினால்தான் பதிவாகும் எதுவும் பிள்ளைகள் கையில் ஒரு மாதம்கூடத் தாங்காது. நோட்டுப் புத்தகமே மேல்.

படி 4: ஒரே மணியை இரண்டு இடத்தில் எழுதாதீர்கள்

மகளுக்கு வாரம் இரண்டு நடன வகுப்பு, ஒவ்வொன்றும் ஒன்றரை மணி. 36 வாரத்துக்கு 108 மணி. வீட்டுப் பயிற்சியில் 12 மணி சேர்ந்தால் ஃபைன் ஆர்ட்ஸ் ஒரு கிரெடிட். இது பாடம். கோயில் விழாவில் ஆடுவது, சின்னப் பிள்ளைகளுக்கு அடவு சொல்லித்தருவது வேறு. அவை பாடத்துக்கு வெளியே உள்ள செயல்பாடுகள்.

பல கல்லூரிகளுக்கு ஒரே விண்ணப்பமாக அனுப்பும் காமன் ஆப்பில் பத்து செயல்பாடுகள்வரை எழுதலாம். ஒவ்வொன்றுக்கும் வாரத்துக்கு எத்தனை மணி, ஆண்டுக்கு எத்தனை வாரம் என்று கேட்பார்கள். கிரெடிட்டுக்குக் காட்டிய அதே மணியை அங்கேயும் போட்டால் கூட்டிப் பார்ப்பவருக்குத் தெரிந்துவிடும். நான் ஷீட்டில் ஐந்தாவதாக ஒரு பத்தி சேர்த்து “பாடம்” அல்லது “செயல்பாடு” என்று அன்றன்றே குறித்துவிடுகிறேன்.

படி 5: பெயரும் விளக்கமும்

பெயர் உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும். “நடனம்: பரதநாட்டியம் 1” போதும். வாரம் ஒருநாள் சமைத்ததை “உணவு அறிவியல்” என்று எழுதாதீர்கள். ஏபி (ஹைஸ்கூலிலேயே படிக்கும் கல்லூரி நிலைப் பாடம்) என்ற சொல்லை, அதை நடத்தும் காலேஜ் போர்டின் ஏபி கோர்ஸ் ஆடிட்டில் உங்கள் பாடத்திட்டம் ஒப்புதல் பெற்றிருந்தால் மட்டுமே போடலாம். ஹோம்ஸ்கூல் பெற்றோரும் விண்ணப்பிக்கலாம்.

விளக்கம் ஐந்து வரி: என்ன கற்றாள், எதிலிருந்து, யாரிடம், எப்படி மதிப்பிட்டோம், என்ன செய்து காட்டினாள். ஆண்டு முடிந்த வாரமே எழுதிவிடுங்கள்.

படி 6: முடிந்தால் வெளியிலிருந்து ஒரு சான்று

அம்மா போட்ட ஏ கிரேடுக்கு எவ்வளவு மதிப்பு என்ற கேள்வி நியாயமானது. மகன் ஹாம் ரேடியோவின் முதல் நிலையான டெக்னீஷியன் உரிமத் தேர்வு எழுதினான். 35 கேள்வி, 26 சரியாக இருந்தால் தேர்ச்சி. குறைந்தபட்ச வயது கிடையாது, மோர்ஸ் (புள்ளி, கோடு ஒலிக்குறி) தேர்வும் 2007க்குப் பிறகு இல்லை. அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையமான எஃப்சிசி தரும் உரிமம் பத்து ஆண்டு செல்லும். அந்த அரை கிரெடிட்டைப் பற்றி யாரும் எங்களைக் கேள்வி கேட்கவில்லை.

கம்யூனிட்டி காலேஜில் (உள்ளூர் இரண்டாண்டுக் கல்லூரி) ஒரு பாடம் எடுப்பதும் நல்ல வழி. ஆனால் அந்த கிரேடு கல்லூரிப் பதிவில் நிரந்தரமாக நிற்கும். ஆர்வம் உறுதியானபின் அனுப்புங்கள்.

பின்சேர்க்கை 1: தமிழை எலெக்டிவில் போடலாமா என்று பலர் கேட்டிருக்கிறீர்கள். போடலாம், ஆனால் வேற்றுமொழி வரிசையில் போடுவதே சரி. அங்கேதான் அதற்குக் கனம். ஞாயிறு தமிழ்ப் பள்ளி இரண்டரை மணி, 30 வாரம் என்றால் 75 மணி. மீதி 45 மணியை வீட்டில் வாசிப்பிலும் எழுத்திலும் காட்டுங்கள். பாட்டியோடு பேசுவதற்கும் கிரெடிட் உண்டா என்று ஒரு வாசகி கேட்டார். அந்தப் பேச்சு விலைமதிப்பற்றது, ஆனால் நான் அதைக் கணக்கில் சேர்ப்பதில்லை. பாட்டிக்குக் கடிதம் எழுதினால் சேர்ப்பேன்.

பின்சேர்க்கை 2: கலிஃபோர்னியாவிலிருந்து ஒருவர் சுட்டிக்காட்டினார், நன்றி. யூசி (கலிஃபோர்னியா பல்கலைக்கழகம்) கல்லூரிகளில் சேரப் படித்திருக்க வேண்டிய பாடங்களின் ‘ஏ முதல் ஜி’ பட்டியலில் ‘ஜி’ என்பது ஓர் ஆண்டு எலெக்டிவ். பெற்றோர் தாமே நடத்தும் பாடம் அந்தப் பட்டியலில் ஏறாது. யூசிக்கு மாற்றத்தக்க (யூசி தன் கிரெடிட்டாக ஏற்கும்) 3 செமஸ்டர் யூனிட் கம்யூனிட்டி காலேஜ் பாடம் ஒன்று அந்த ஓர் ஆண்டுக்கு ஈடாகும். எந்தப் பாடம் மாற்றத்தக்கது என்பதைச் சேருமுன் அந்தக் கல்லூரியின் பட்டியலில் பார்த்துவிடுங்கள். ஒரே துறையிலேயே ஒரு பாடம் மாறும், அடுத்தது மாறாது.