காயலாங்கடை ஆக்சில்: வாங்கும் முன் சுற்றை எண்ணுங்கள்

ஜவ்வாது மலைப் பாதைக்குப் பழைய ஜீப்பைத் தேற்ற நினைப்பவர்கள் வேலூரில் முதலில் இன்ஜினைத் தேடுகிறார்கள். முதலில் முடிவாக வேண்டியது ஆக்சில்தான், அதாவது இரு பக்கச் சக்கரங்களையும் சுழற்றும் அச்சு. முன்னும் பின்னும் ஒரே பல் விகிதம் இருக்க வேண்டும்; சக்கரம் ஒரு சுற்று சுற்ற, ஆக்சிலுக்குள் விசையைக் கொண்டுவரும் சின்னப் பல்சக்கரமான பினியன் எத்தனை சுற்று சுற்றுகிறது என்பதே அது. ஒன்று 5.38 (43க்கு 8 பல்), மற்றது 4.88 (39க்கு 8) என்று மாட்டினால், ஃபோர் வீல் போட்டதும் இரண்டும் ஒன்றையொன்று இழுக்கும். மணலில் டயர் வழுக்கிச் சமாளிக்கும். தார் ரோட்டில், விசையை முன்னும் பின்னும் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸின் பல் போய்விடும்.

கடையிலேயே பார்த்துவிடலாம். ஆக்சிலைக் கட்டை மேல் ஏற்றி, ஒரு பக்க டிரம்மை அசையாமல் பிடித்துக்கொண்டு, மறுபக்கத்தைச் சரியாக 2 சுற்று சுற்றுங்கள். பினியனின் வெளி முனையில் சாக்பீஸ் கோடு போட்டு, அது எத்தனை சுற்று வருகிறது என்று எண்ணுங்கள். ஐந்தேகாலைத் தாண்டினால் 5.38, ஐந்தை எட்டாவிட்டால் 4.88. முன் ஆக்சிலில் ஹப் லாக் (சக்கரத்தை ஆக்சில் தண்டோடு இணைக்கும் பூட்டு) இருந்தால் பூட்டிவிட்டு எண்ண வேண்டும், இல்லையேல் பினியன் திரும்பாது.

ஆயிலையும் கொஞ்சம் வடித்துப் பாருங்கள். சாம்பல் நிறப் பசை பரவாயில்லை. இரும்புச் சில் வந்தால், விலை எவ்வளவு குறைந்தாலும் விட்டுவிடுங்கள்.

இன்ஜின் மாற்றுவதானால் ஆர்.டி.ஓ. அனுமதி முன்கூட்டியே வேண்டும். நம்பர் போட்ட பில் இல்லாத இன்ஜின் இரும்பு எடைக்குத்தான் ஆகும்.