ஒரு 'எ' விட்டுப்போனதில்

புதுச்சேரியில் ஒரு சின்ன விடுதியின் வரவேற்பில் வேலை பார்க்கிறேன். "சில அறைகள் காலி" என்று சொல்ல நினைத்து, 'வி ஹேவ் ஃபியூ ரூம்ஸ்' என்று மெயில் அனுப்பினேன். கேட்டவர் வேறு இடம் பார்த்துக்கொண்டார். மனசே சரியில்லை.

வெறும் 'ஃபியூ' என்றால் "அதிகம் இல்லை" என்ற தொனி வந்துவிடுகிறது. 'எ ஃபியூ' என்றால்தான் நம்முடைய "சில". பால், நேரம் போல எண்ண முடியாதவற்றுக்கு இதே கணக்கில் 'லிட்டில்', 'எ லிட்டில்'. இப்போதெல்லாம் எழுதும் முன் தமிழில் கேட்டுக்கொள்கிறேன்: "இருக்கிறது" என்கிறேனா, "போதாது" என்கிறேனா? இருக்கிறது என்றால் 'எ' போட்டுவிடுகிறேன். இந்த ஒரு கேள்வியே எனக்குப் போதுமாக இருக்கிறது.

அப்புறம், வரப்போகிறவர் ஆணா பெண்ணா தெரியாதபோது 'ஹி' என்று எழுதி வந்தேன். தமிழில் "அவர்" எவ்வளவு வசதி! ஆங்கிலத்தில் அந்த இடத்துக்கு 'தே'. ஒருவரே என்றாலும் 'தே ஆர்' தான்.