ஜெர்மன் படிக்கிறவர்கள் செய்யும் தவறுகள் (பெரும்பாலும் நான் செய்தவைதான்)

போன சனிக்கிழமை வீடியோ காலில் ஒரு பெண். திருச்செங்கோட்டுப் பக்கம், மெக்கானிக்கல் முடித்துவிட்டு ஜெர்மனியில் மாஸ்டர்ஸ் சேரத் தயாராகிக்கொண்டிருக்கிறார், ஜெர்மனில் ஏ1-க்கு அடுத்த நிலையான ஏ2 பாதி ஓடிக்கொண்டிருக்கிறது. "ஜனவரியில் இங்கே வந்து இறங்குறீங்க, பஸ் ஸ்டாப்பில் பல் கிடுகிடுங்குது, பக்கத்தில் இருக்கிறவங்ககிட்ட என்ன சொல்வீங்க?" என்று கேட்டேன். யோசிக்கவே இல்லை. "இஹ் பின் கால்ட், அண்ணா!" என்றார். தலையில் கை வைத்துக்கொண்டேன். அவர் மேல் கோபம் இல்லை. ஏழு வருடத்துக்கு முன்னால் இதே வாக்கியத்தை ஒரு நிஜமான பஸ் ஸ்டாப்பில் வகுப்புத் தோழி ஒருத்தியிடம் நான் சொல்லியிருக்கிறேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். "எனக்குக் குளிருது" என்று சொன்னதாக நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் காதில் விழுந்தது, "நான் ஈவிரக்கம் இல்லாதவன்" என்பது மாதிரி ஒன்று.

வார்த்தையை அதன் பாலைக் காட்டும் டெர், டீ, டாஸோடு சேர்த்தே படியுங்கள், தினமும் அரை மணி நேரம் கேளுங்கள் என்பதையெல்லாம் உங்கள் டீச்சரே முதல் வாரத்தில் சொல்லிவிடுவார். அதை விட்டுவிடுகிறேன்.

ஆங்கிலத்தை நடுவில் உட்காரவைப்பது

என் ஒரு செமஸ்டரைத் தின்ற தவறு இது. இன்னமும் யாராவது செய்வதைப் பார்த்தால் எரிச்சல் வருகிறது.

நம் ஊரில் ஜெர்மன் வகுப்பு என்றால் ஆங்கிலத்தில்தான் நடக்கும். புத்தகத்தில் குறிப்பு ஆங்கிலத்தில், ஆப்பிலும் ஆங்கிலம். அதனால் மனசுக்குள் முதலில் ஒரு ஆங்கில வாக்கியம் உருவாகும், அதை வார்த்தைக்கு வார்த்தை மாற்றுவோம், "ஐ ஆம் கோல்ட்" என்பது "இஹ் பின் கால்ட்" ஆகிவிடும். சரியான ஜெர்மன், "மிர் இஸ்ட் கால்ட்". மிர் என்றால் எனக்கு. எனக்குக் குளிருது! பிறந்ததிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிற வாக்கியம் கையில் இருக்க, ஆங்கிலத்தைச் சுற்றிப் போய் விழுந்திருக்கிறோம்.

இது ஏதோ ஒரு இடத்தில் தற்செயலாக அமைந்தது என்று நினைக்காதீர்கள். தலை வலித்தால் "மிர் டூட் டெர் கோப்ஃப் வே", அதாவது எனக்குத் தலை வலிக்குது. ஒரு வீடு பிடித்திருந்தால் ஜெர்மனிலும் அது "எனக்கு"ப் பிடிக்கும், "நான்" அங்கே எழுவாயாக வருவதில்லை. "உனக்கு உதவுறேன்" என்பது "இஹ் ஹெல்ஃபெ டிர்", இந்த டிர்தான் உனக்கு. ஆங்கிலத்தில் உன்னை, உனக்கு இரண்டுக்கும் ஒரே 'யூ'. ஆகவே ஆங்கிலம் வழியாகப் படிக்கிறவர் டாட்டிவ் (நம் நான்காம் வேற்றுமை மாதிரி), அக்குஸாட்டிவ் (இரண்டாம் வேற்றுமை மாதிரி) என்று அட்டவணை போட்டு மாதக்கணக்கில் முட்டிக்கொள்கிறார். நாம் ஆறாம் வகுப்பிலோ ஏழாம் வகுப்பிலோ இரண்டாம் வேற்றுமை ஐ, நான்காம் வேற்றுமை கு என்று ஒப்பித்துவிட்டு வந்தவர்கள்.

இடத்தைச் சொல்லும் விஷயமும் அப்படித்தான். "நூலகத்துக்குப் போறேன்" என்றால் "இன் டீ பிப்லியோடேக்". "நூலகத்தில் இருக்கேன்" என்றால் "இன் டெர் பிப்லியோடேக்". இரண்டிலும் அதே 'இன்' இருக்கும்போது டீ எப்படி டெர் ஆனது என்று வகுப்பே குழம்பும். க்கு வருகிறதா, இல் வருகிறதா என்று தமிழில் ஒரு தடவை சொல்லிப் பாருங்கள், போதும்.

அப்புறம் வாக்கிய வரிசை. "டாஸ்" (மேலே சொன்ன டெர், டீ, டாஸ் இல்லை, நம் "என்று" மாதிரி இணைக்கும் வேறொரு சொல்) வந்தால் வினைச்சொல் கடைசிக்குப் போய்விடும் என்று ஆங்கிலப் புத்தகங்கள் ஏதோ விபத்து நடந்த மாதிரி எச்சரிக்கும். "இஹ் வைஸ், டாஸ் எர் மோர்கன் நாஹ் பெர்லின் ஃபேர்ட்." டாஸுக்கு அப்புறம் இருப்பதை மட்டும் பாருங்கள்: எர், அவன். மோர்கன், நாளைக்கு. நாஹ் பெர்லின், பெர்லினுக்கு. ஃபேர்ட், போறான். ஒரு வார்த்தைகூட இடம் மாறவில்லை. இதைக் கண்டுபிடித்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை, ஏனென்றால் அதற்குள் டெஸ்ட்டாஃப் என்ற ஜெர்மன் மொழித்தேர்வின் ரிசல்ட் வந்துவிட்டிருந்தது.

டெஸ்ட்டாஃப் கதையையும் சொல்லிவிடுகிறேன். ஜெர்மன் வழியில் டிகிரி படிக்க வேண்டும் என்றால் பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் அதில் வாசிப்பு, கேட்டல், எழுத்து, பேச்சு நான்கிலும் 4-ஆம் நிலை கேட்கும், இல்லையென்றால் டிஎஸ்ஹெச் என்ற இன்னொரு மொழித்தேர்வில் 2-ஆம் நிலை. நான் எழுதியது காகிதத் தேர்வு. எழுத்துப் பகுதிக்கு ஒரு மணி நேரம், ஒரு வரைபடத்தை விவரித்துவிட்டு அதை ஒட்டி வாதம் எழுத வேண்டும். எனக்கு ஆங்கிலத்தில் கட்டுரை நன்றாக வரும், அந்தத் திமிர் இருந்தது. கச்சிதமான ஆங்கில வாக்கியங்களை மனதில் கட்டி, ஒவ்வொன்றாக ஜெர்மனில் இறக்கினேன். மூன்று பகுதியில் 4 வந்தது, எழுத்தில் 3. குளிர்கால செமஸ்டருக்கு விண்ணப்பிக்கக் கடைசி நாள் ஜூலை 15, அடுத்த தேர்வின் ரிசல்ட் வருவதற்குள் அது போயே போய்விட்டது. அந்த வருடம் தீபாவளிக்கு வந்த சொந்தக்காரர்கள் ஒவ்வொருவரும் "இன்னும் கிளம்பலையா தம்பி?" என்று கேட்டார்கள்.

தமிழை அப்படியே ஒட்டினால் எல்லாம் சரியாக வரும் என்றும் சொல்லவில்லை. "உனக்கு ஃபோன் பண்றேன்" என்பதை நம்பி டிர் போட்டால் தப்பு, அங்கே "டிஹ்", உன்னை என்றுதான் வரும். "எனக்குத் தெரியும்" அங்கே "நான்" ஆகிவிடும், மேலே இருக்கிற "இஹ் வைஸ்" அதுதான். பசி எடுத்தால் "எனக்குப் பசி இஸ்ட்" கிடையாது, "நான் பசி வைத்திருக்கிறேன்" என்று சொல்ல வேண்டும். இந்த மாதிரி முரண்டு பிடிக்கிறவற்றை நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்தேன், இரண்டு பக்கத்தைத் தாண்டவில்லை. டாட்டிவ் அட்டவணையை எத்தனை தடவை எழுதினேன் என்பதற்குக் கணக்கே இல்லை.

"படிப்பு ஆங்கிலத்தில்தானே?"

படிப்பு ஆங்கிலத்தில். வாடகை ஒப்பந்தம் ஜெர்மனில்.

கடிதத்தை மனப்பாடம் செய்து பாஸ் ஆவது

ஏ1, ஏ2 தேர்வுகளில் வரும் கடிதத்துக்கு ஒரு அச்சு வைத்திருக்கிறார்கள், நோட்ஸ் என்று கைமாறுகிறது. பாஸ் ஆவீர்கள், சந்தேகமில்லை. பி1-இல் போய் உட்கார்ந்ததும் தெரியும். என்னிடம் வந்த ஒரு பையன் கையில் இரண்டு சான்றிதழ் இருந்தது, வாயில் ஒரு வாக்கியம் இல்லை.

"பெகொமென்" என்றால் "பிகம்" இல்லை

கிடைப்பது, பெறுவது. "இஞ்சினியர் ஆகப் போகிறேன்" என்று நேர்காணலில் அதைப் போட்டுச் சொல்லாதீர்கள். "எனக்கு ஒரு இஞ்சினியர் கிடைக்கப் போகிறார்" என்று ஆகிவிடும்.

பேராசிரியருக்கு "டூ" போட்டு மெயில்

வகுப்பில் முதலில் "டூ", அதாவது நீ என்பதைத்தான் சொல்லித்தருவார்கள், அதனால் அதுதான் கைக்கு வரும். ஊரில் வாத்தியாரை "நீ" என்று கூப்பிடக் கனவிலும் நினைக்காத பிள்ளைகள், அறிமுகமே இல்லாத பேராசிரியருக்கு நீ, உன் என்று மெயில் போடுகிறார்கள். இதற்கும் அந்த 'யூ'தான் காரணம். "ஸீ" என்றால் நீங்கள். யாரை எப்படிக் கூப்பிடுவது என்று உங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

மணி கேட்கும்போது

ஒரு அறை பார்க்கப் போக வேண்டியிருந்தது. பகிர்ந்து தங்கும் வீடு, நல்ல வாடகை, பல்கலைக்கழகத்துக்கு நடந்தே போகலாம். ஃபோனில் "ஹால்ப் ஸீபன்" என்றார்கள். ஹால்ப் அரை, ஸீபன் ஏழு, ஆக ஏழரை. கொஞ்சம் முன்னாலேயே கிளம்பி, முடி எல்லாம் வாரிக்கொண்டு சரியாக ஏழரைக்கு மணியை அடித்தேன். கதவைத் திறந்தவர் புரியாமல் பார்த்தார். ஹால்ப் ஸீபன் என்றால் ஏழை நோக்கிப் பாதி வந்தாயிற்று என்று அர்த்தம், அதாவது ஆறரை. ஆறேமுக்காலுக்கு வந்த ஒருவருக்கு அறையைக் கொடுத்தாயிற்று.

ஏழரை என்றால் நம் ஊரில் என்ன என்று உங்களுக்குத் தெரியும். அன்றைக்கு எனக்குப் பிடித்தது, அடுத்த நான்கு மாதமும் நகரத்துக்கு வெளியிலிருந்து ரயிலில் வந்து போனேன். இப்போதும் யாராவது ஹால்ப் என்று ஆரம்பித்தால் வெட்கப்படாமல் திருப்பிக் கேட்டுவிடுகிறேன்: பதினெட்டு முப்பதா, பத்தொன்பது முப்பதா?