புழு ஏறாத பொலிகிடாவைக் கண்டுபிடிப்பது எப்படி: செம்மறி வளர்ப்பில் புதியவர்களுக்கு ஒரு செய்முறை

மழை பெய்து புல் துளிர்த்த சில வாரங்களில் செம்மறிப் பட்டியில் தாடை வீங்கிய ஆடுகள் தென்படும். கண் இமையைப் புரட்டிப் பார்த்தால் உள்பக்கம் வெளுத்திருக்கும். பெரும்பாலும் இது ஹீமாங்கஸ் என்னும் ரத்தம் உறிஞ்சும் உருண்டைப்புழுவின் வேலை. ஆட்டின் நாலாவது வயிற்றில் தங்கும் இந்தப் புழு ஒன்று நாளொன்றுக்குச் சுமார் 0.05 மி.லி. ரத்தத்தைக் காலி செய்கிறது. ஆயிரம் புழு இருந்தால் தினமும் 50 மி.லி. போய்விடும். ஒரு பெண் புழு ஒரே நாளில் 5,000 முட்டைக்கு மேல் போடும்.

அதே பட்டியில், அதே புல்லை மேய்ந்த இன்னொரு ஆடு ஒரு குறையும் இல்லாமல் நிற்கும். இதில் ஒரு பங்கு பரம்பரையாக வருவது. பல நாட்டு ஆய்வுகளில், ஆட்டுக்கு ஆடு புழு முட்டை எண்ணிக்கையில் தெரியும் வித்தியாசத்தில் சுமார் 20 முதல் 40 சதவீதம் மரபு சார்ந்தது என்று கண்டிருக்கிறார்கள். கறவை மாட்டின் பால் அளவு பரம்பரையாக வருவதும் ஏறக்குறைய இதே அளவுதான். பாலுக்காகக் காளையைத் தேர்ந்தெடுக்கும் நாம், புழு எதிர்ப்புக்காகக் கிடாவைத் தேர்ந்தெடுக்காமல் இருப்பது பெரிய இழப்பு.

இது வெறும் ஏட்டுக் கணக்கு இல்லை. ஆஸ்திரேலியாவின் ஆர்மிடேலில் 1970களின் பிற்பகுதியிலேயே மெரினோ ஆடுகளை இந்த ஒரு குணத்துக்காகத் தனி வம்ச வழியாகப் பெருக்கத் தொடங்கினார்கள். ராஜஸ்தானின் அவிகாநகரில் உள்ள மத்திய செம்மறி, கம்பளி ஆராய்ச்சி நிலையத்தில் மால்புரா, அவிகாலின் இனங்களில் புழு முட்டை குறைந்த வழி, முட்டை மிகுந்த வழி என்று இரண்டையும் பிரித்து வளர்த்தார்கள். இரண்டு இடத்திலும் வழிகள் தெளிவாகப் பிரிந்தன.

மரபணுச் சோதனை செய்தால் போதாதா என்று கேட்பீர்கள். இந்தக் குணத்துக்கு ஒற்றை மரபணு இல்லை. சின்னச் சின்னப் பங்களிக்கும் பல மரபணுக்கள் சேர்ந்து செய்யும் வேலை இது. மூன்றாவது குரோமோசோமிலும், நோய் எதிர்ப்பு மரபணுக்கள் கூட்டமாக இருக்கும் இருபதாவது குரோமோசோமிலும் தடயங்கள் கிடைத்துள்ளன. ஆனாலும் ஒரு சிறு பட்டிக்காரருக்கு இன்று கையில் இருக்கும் நம்பகமான வழி முட்டையை எண்ணுவதுதான்.

படி 1: யார் யாருடைய பிள்ளை என்று எழுதுங்கள்

ஒவ்வொரு குட்டிக்கும் காது வில்லை போடுங்கள். நோட்டில் தகப்பன், தாய், பிறந்த தேதி, கிடாவா பெட்டையா, ஒற்றையா இரட்டையா என்று எழுதுங்கள். தகப்பன் பெயர் இல்லாத கணக்கு பாதிக் கணக்குதான்.

படி 2: எல்லாக் குட்டிக்கும் ஒரே பரீட்சை

மொத்த வேலையின் உயிர் இங்கேதான் இருக்கிறது. மாதாமாதம் எல்லா ஆட்டுக்கும் புழு மருந்து ஊற்றும் பட்டியில் எது எதிர்ப்புள்ள ஆடு, எது மருந்தால் பிழைத்த ஆடு என்று யாராலும் சொல்ல முடியாது. வித்தியாசத்தை மருந்து மூடி மறைத்துவிடும்.

குட்டியின் உடம்பு புழுவை எதிர்க்கக் கற்றுக்கொள்ளச் சில மாதங்கள் ஆகும். அதனால் பால் மறந்து, 5 முதல் 7 மாதம் ஆன குட்டிகளை எடுங்கள். ஒரே பருவத்தில் பிறந்தவையாக, ஒரே இடத்தில் மேய்பவையாக இருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் ஒரே நாளில், எடை பார்த்து, மருந்து கொடுத்துவிட்டு மேய்ச்சலுக்கு விடுங்கள். தமிழ்நாட்டில் இதற்கு வடகிழக்குப் பருவமழைக் காலம் தோதானது. தொற்றிய புழு முட்டை போடவே மூன்று வாரம் ஆகும். ஐந்தாறு வாரம் கழித்துப் பத்துப் பதினைந்து குட்டிகளில் மட்டும், ஒரு கிராம் புழுக்கையில் எத்தனை புழு முட்டை என்று எண்ணிப் பாருங்கள் (எண்ணும் முறை படி 4இல்). சராசரி 500ஐத் தாண்டியிருந்தால் எல்லாவற்றிலும் மாதிரி எடுக்கலாம். பாதிக் குட்டிகள் பூஜ்யம் காட்டினால் இன்னும் பரீட்சையே தொடங்கவில்லை என்று பொருள்.

இந்த வாரங்களில் குட்டிகளைச் சாகவிடக் கூடாது. வாரம் ஒருமுறை கண் இமையைப் பாருங்கள். இமையின் நிறத்தை ஒப்பிட்டுப் பார்க்கும் ஃபமாச்சா என்னும் வண்ண அட்டையில் 1 நல்ல சிவப்பு, 5 முழு வெளுப்பு. 4, 5 என்று தெரிந்தால் அன்றே புழுக்கை மாதிரி எடுத்துக்கொண்டு மருந்து ஊற்றுங்கள். நோட்டில் குறியுங்கள். அந்தக் குட்டி பொலிகிடா ஆகப் போவதில்லை.

படி 3: புழுக்கை எடுப்பது

தரையில் கிடப்பது வேண்டாம். கையுறை போட்டு ஆசனவாயிலிருந்தே நாலைந்து கிராம் எடுத்து, உறையில் காற்றை வெளியேற்றிக் கட்டி, வில்லை எண் எழுதி, ஐஸ் பெட்டியில் வையுங்கள். உறைய விடாதீர்கள். வெயிலில் கிடந்தால் ஒரே நாளில் முட்டை பொரிந்துவிடும், எண்ணிக்கை பொய்யாகும்.

படி 4: எண்ணுவது

கல் உப்பை வெந்நீரில் இனிமேல் கரையாது என்னும் வரை, லிட்டருக்குச் சுமார் 400 கிராம் கரைத்து ஆறவிடுங்கள். 2 கிராம் புழுக்கையை 28 மி.லி. உப்புக் கரைசலில் நன்றாகக் கரைத்து டீ வடிகட்டியில் வடித்து, உடனே மெக்மாஸ்டர் கண்ணாடியின் (முட்டை எண்ணுவதற்கான, கோடு போட்ட கண்ணாடி) இரண்டு அறையையும் நிரப்புங்கள். ஐந்து நிமிடத்தில் முட்டைகள் மேலே மிதக்கும். நுண்ணோக்கியில் பத்து மடங்கு லென்ஸ் போதும். கோடுகளுக்குள் தெரியும் முட்டைகளை இரண்டு அறையிலும் எண்ணி, கூட்டுத்தொகையை 50ஆல் பெருக்கினால் ஒரு கிராமுக்கான முட்டை எண்ணிக்கை கிடைக்கும். அதைத்தான் மருத்துவர்கள் இபிஜி என்கிறார்கள். 16 முட்டை என்றால் 800.

நீள்வட்டமாக, மெல்லிய ஓட்டோடு, உள்ளே திராட்சைக் கொத்துப் போலச் செல்கள் தெரிவதை மட்டும் எண்ணுங்கள். கோணல்மாணலாகத் தெரியும் நாடாப்புழு முட்டையும், மிகச் சிறிய காக்சிடியா என்னும் ஒட்டுண்ணியும் இந்தக் கணக்கில் சேராது. நுண்ணோக்கி இல்லாதவர்கள் அருகிலுள்ள கால்நடை நோய் ஆய்வகத்தில் கேளுங்கள். பொதுவாகச் செய்யும் சோதனைதான். எண்ணிக்கையாக வேண்டும் என்று மட்டும் அழுத்திச் சொல்லுங்கள்.

படி 5: கிடாவைத் தேர்ந்தெடுப்பது

கிடாக்குட்டியைக் கிடாக்குட்டியோடும், இரட்டையை இரட்டையோடும் ஒப்பிடுங்கள். ஒரு மாதம் கழித்து மறுபடியும் எண்ணி, இரண்டின் சராசரியைப் பாருங்கள். ஒரே ஒரு எண்ணிக்கையை நம்பி முடிவு செய்வதை நான் ஏற்க மாட்டேன். முதலில் எடையில் முன்னிற்கும் கிடாக்களைப் பொறுக்கி, அவற்றுள் முட்டை குறைந்ததை எடுங்கள். வளராத கிடா எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் பயனில்லை.

என்ன லாபம்? ஓர் உதாரணக் கணக்கு: கூட்டத்தின் சராசரி 1,200, உங்கள் கிடா 300. வித்தியாசம் 900. அதில் 30 சதவீதம் மரபு என்றால் 270. கிடா தன் குட்டிக்குப் பாதியைத்தான் தரும், ஆக 135. முதல் தலைமுறையிலேயே சுமார் 11 சதவீதம் குறைகிறது. ஒரு கிடா 25, 30 பெட்டைகளைச் சேர்வதால் அத்தனை குட்டிக்கும் இது போகும். மேய்ச்சலில் விழும் முட்டையும் குறைவதால் மற்ற ஆடுகளுக்கும் நிம்மதி.

இங்கே ஒரு வேறுபாடு கவனியுங்கள். வயிறு நிறையப் புழு வைத்துக்கொண்டும் கொழுகொழுவென்று நிற்கும் ஆடு உண்டு. அது தாங்கும் ஆடு. எதிர்க்கும் ஆடு இல்லை. அது மேய்ச்சல் முழுக்க முட்டை தூவிக்கொண்டே போகும். கண் இமை மட்டும் பார்த்தால் இந்த இரண்டும் ஒன்றாகத் தெரியும். அதனால்தான் எண்ணச் சொல்கிறேன்.

படி 6: பெட்டைகள்

குட்டி ஈனும் சமயத்தில் எந்தப் பெட்டையும் முட்டையை அதிகமாகவே தள்ளும். அப்போது எடுத்த கணக்கை வைத்துக் குறை சொல்லாதீர்கள். வருடம் முழுக்க இமைக் கணக்கைப் பார்த்து, திரும்பத் திரும்ப மருந்து கேட்கும் பெட்டைகளைக் கழித்து விடுங்கள்.

படி 7: அடுத்த தலைமுறை

இரண்டு வருடத்துக்கு ஒருமுறை கிடாவை மாற்றுங்கள், மகளோடு சேரவிடாதீர்கள். இரண்டு கிடா வைத்திருந்தால் அவற்றின் குட்டிகளைத் தகப்பன்வாரியாகப் பிரித்துச் சராசரி பாருங்கள். கிடாவின் சொந்த எண்ணிக்கையைவிடப் பதினைந்து இருபது குட்டிகளின் சராசரி அதன் மரபைச் சரியாகக் காட்டும். வெளியிலிருந்து கிடா வாங்கினால், மருந்துக்கு அடங்காத புழுவும் அதோடு வரலாம். தனியே கட்டி, மருந்து கொடுத்து, பத்துப் பதினான்கு நாள் கழித்து முட்டை எண்ணிப் பார்த்த பிறகே மந்தையில் விடுங்கள்.