பண்ணை ஏலத்தில் தேனீப் பெட்டி வாங்கப் போகிறவர்களுக்கு

தென்னாப்பிரிக்காவின் குவாசுலு-நட்டாலில், கிரேடவுன், ஹோவிக் பக்கம் ஒரு பண்ணையை மூடினால் டிராக்டர், கம்பிவேலிச் சுருள்களோடு தேனீப் பெட்டிகளும் ஏலத்துக்கு வரும். டோங்காட்டிலிருந்தோ ஸ்டாங்கரிலிருந்தோ பக்கி (பிக்கப்) வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்புமுன் ஒன்றை முடிவு செய்துகொள்ளுங்கள்: மரப்பெட்டிக்கும் இயந்திரத்துக்கும் தாராளமாக ஏலம் கேளுங்கள், தேனீக்கு யோசித்துக் கேளுங்கள். வசந்த காலத்தில் ஐந்து சட்டம் (தேனடை கட்டும் மரச் சட்டகம்) கொள்ளும் பெட்டியில் மெழுகுப் பட்டை ஒட்டி, கம் (யூகலிப்டஸ்) மரத்தோப்பின் ஓரம் வைத்தால் காட்டுக் கூட்டம் தானே வந்து இறங்கும். நல்ல பெட்டி அப்படி வந்து இறங்காது.

வாசலில் அடையாள அட்டையும் முகவரிச் சான்றும் காட்டிப் பதிவு செய்ய வேண்டியிருக்கும், முன்பணமும் கேட்பார்கள். அங்கே கொடுக்கும் விதிமுறைத் தாளை நின்று படியுங்கள். வாங்குபவர் தலையில் விழும் கமிஷன் எவ்வளவு, 15% வாட் வரி எதன்மேல் என்று அதில்தான் இருக்கும். கமிஷன் 10% என்று வைத்துக்கொண்டால், 1,000 ராண்டுக்குக் கேட்ட சாமான் 1,100 ஆகி, மொத்தத்தின்மேலும் வாட் சேர்ந்தால் 1,265-இல் நிற்கும். உச்ச விலையை இந்தக் கணக்கில் போட்டுக் கையில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். தாளில் ‘ஃபுட்ஸ்டூட்ஸ்’ என்றிருந்தால், உள்ளது உள்ளபடி விற்பனை. பிறகு குறை சொல்லிக்கொண்டு போக வழி குறைவு. அதனால் பார்வை நேரத்துக்கே போய்விடுங்கள்.

கையோடு அளவுநாடா, டார்ச், காந்தம், உங்களுடைய லாங்ஸ்ட்ராத் (வழக்கமான அளவுத் தேனீப் பெட்டி) சட்டம் ஒன்று. மேல்கட்டை நீளம் சுமார் 482 மி.மீ. இருக்கும் அந்தச் சட்டத்தை ஒவ்வொரு பெட்டியிலும் இறக்கிப் பாருங்கள். சட்டத்துக்கும் பக்கப் பலகைக்கும் நடுவே 6 முதல் 9 மி.மீ. வேண்டும். கூடினால் அங்கே குறுக்கு அடை கட்டும். குறைந்தால் பிசின் வைத்து ஒட்டிவிடும். வீட்டில் அறுத்துச் செய்த பெட்டிகள் இங்கேதான் மாட்டும். பத்துப் பெட்டி ஒரே லாட்டில் வந்தால் மேலே இருக்கும் இரண்டை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள், அடியில் இருப்பதையும் இறக்குங்கள். அடிவிளிம்பை உளியால் குத்தினால் இற்றுப்போனதா என்று தெரியும்.

பழைய அடையோடு வரும் சட்டங்கள்தான் பெரிய ஆபத்து. 2009-இல் மேற்கு கேப்பில் அமெரிக்கப் புழு அழுகல் நோய் தெரியவந்தது. அதன் வித்துகள் பல பத்தாண்டு உயிரோடு கிடக்கும்; மெழுகை உருக்கும் சூட்டுக்கெல்லாம் சாகாது. காலி அடையைச் சாய்த்து, கண்ணறையின் கீழ்ச்சுவரில் டார்ச் அடியுங்கள். சுரண்டினாலும் வராத கறுப்புப் பொருக்கு ஒட்டியிருந்தால் அந்த லாட்டை விட்டுவிடுங்கள், விலை எவ்வளவு இறங்கினாலும். பொருக்கு இல்லாத பெட்டியானாலும் வீட்டுக்கு வந்ததும் அடைகளை எரித்து, பெட்டியைச் சுரண்டி, உட்புறம் காப்பி நிறம் வரும்வரை கேஸ் சுடரால் வாட்டுங்கள்.

தேன் எடுக்கும் கருவியில் காந்தம் வையுங்கள். நல்ல எவர்சில்வரில் சரியாக ஒட்டாது. ஒட்டினால் பெரும்பாலும் துத்தநாகம் பூசிய தகடு. தேனின் புளிப்பு அதை அரிக்கும். கைப்பிடியைச் சுற்றி, பல்சக்கரம் வழுக்குகிறதா என்று காதால் கேளுங்கள். புகைப்பானின் துருத்தித் தோல் வெடித்திருந்தால் பரவாயில்லை, மாற்றிக்கொள்ளலாம்.

உயிருள்ள கூட்டமென்றால் முதல் கேள்வி: எந்த ஊரிலிருந்து வந்தது? தென்மேற்கே கேப் பகுதியில் வாழும் கேப் தேனீயின் வேலைக்காரத் தேனீ, ஆண் துணையில்லாமலே பெண் குஞ்சுக்கான முட்டை இடும்; அதனால் வேறு கூட்டத்தில் புகுந்து தானே பெருகிவிடும். 1990 வாக்கில் அவற்றை வடக்கே கொண்டுபோனதால் அங்குள்ள ஸ்கூட்டெல்லாட்டா (ஆப்பிரிக்கத் தேனீ) கூட்டங்கள் ஏராளமாக அழிந்தன. இரண்டு தேனீக்களின் பகுதிகளையும் பிரிக்கும் எல்லைக்கோட்டைத் தாண்டிக் கொண்டுபோக இன்றும் தடை. தேனீ வளர்ப்பவர் வேளாண் துறையில் பதிவு செய்து, பதிவு எண்ணைப் பெட்டியில் பொறிக்க வேண்டும். பெட்டியிலிருக்கும் எண் விற்பவருடையதுதானா என்று பாருங்கள். பெட்டித் திருட்டு இங்கே சாதாரணம். ரசீதில் அந்த எண்ணையும் எழுதச் சொல்லுங்கள்.

ஏலக் கூட்டத்தின் நடுவே ஆப்பிரிக்கத் தேனீப் பெட்டியைத் திறக்க யாரும் விடமாட்டார்கள், விடவும் கூடாது. வெளியிலிருந்தே பாருங்கள்: மகரந்தம் சுமந்து உள்ளே போகிறதா, பின்பக்கம் லேசாகத் தூக்கினால் கனக்கிறதா, வாசலில் பிணங்கள் கிடக்கின்றனவா.

இருட்டியபின் எல்லாத் தேனீயும் அடங்கியதும் வாசலைக் கம்பி வலையால் அடையுங்கள். மேல்மூடிக்குப் பதிலும் வலைதான். மூடியோடு ஏற்றினால் கொதித்து, மெழுகு இளகி, கூட்டமே செத்துப்போகும். சட்டங்கள் வண்டி போகும் திசைக்கு நேராக இருக்கும்படி வையுங்கள். குறுக்கே வைத்தால் பிரேக் போடும்போதெல்லாம் அடைகள் மோதி இராணி நசுங்கலாம். 3 கி.மீ.-க்குள் இடம் மாற்றினால் பழைய இடத்துக்கே பறந்துவிடும். ராட்டல் என்கிற தேன்வளைக்கரடி நடமாடும் இடமானால் ஒரு மீட்டர் உயரத் தாங்கியில் வைத்துப் பட்டையால் இறுக்குங்கள்.

வாசல் வலையை எடுத்துவிட்டு ஒரு வாரம் தொடாதீர்கள். தொந்தரவு செய்தால் கூட்டத்தோடு ஓடிவிடும். பிறகு திறந்து முட்டையைப் பாருங்கள். கண்ணறைக்கு ஒன்று, அடியில் நட்டநடுவே இருந்தால் இராணி வேலை செய்கிறது. மூன்று நான்காக, சுவரிலெல்லாம் ஒட்டியிருந்து, இராணியையும் காணோமென்றால் கேப் தேனீ புகுந்திருக்கலாம்; உங்கள் மற்றப் பெட்டிகளுக்குப் பரவுமுன் வேளாண் துறைக்குச் சொல்லிவிடுங்கள்.