டென்ஷன் ஏறுனா சாமி கும்பிடறது எப்படி

ஓசூர் சிப்காட்ல நைட் ஷிஃப்ட் முடிச்சு வந்தும் தூக்கம் வராம, இஎம்ஐ, பசங்க ஃபீஸ்னு தலைக்குள்ள ஓடிட்டே இருக்கறவங்களுக்குத்தான் இது. பரிகாரம் சொல்ற ஆளு நான் இல்லைங்க, ஏற்கனவே இருக்கற பக்திய உடம்புக்கு உதவற மாதிரி மாத்திக்கறது பத்தி மட்டும் சொல்றேன்.

மொதல்ல ஜபம். முதுக நேரா வச்சு உக்காந்து, மூச்ச நாலு செகண்ட் இழுங்க, ஆறு செகண்ட் வெளிய விட்டுக்கிட்டே 'ஓம் நமசிவாய'னு ஒரே ஒரு தடவ மெதுவா சொல்லுங்க. நிமிஷத்துக்கு 6 மூச்சுதான் வரும். 2001ல பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்ல வந்த ஒரு ஆய்வுல, ஜெபமாலை சொன்னவங்களுக்கும் மந்திரம் சொன்னவங்களுக்கும் மூச்சு ஏறக்குறைய இதே அளவுக்கு இறங்கி, இதயத்துடிப்போட தாளமும் நல்லா மாறுச்சுன்னு பாத்திருக்காங்க, அதனால எந்த சாமியா இருந்தாலும் சரி, அவசரமில்லாம சொல்லணும், அவ்ளோதான். 108 முடிக்கணும்னு பஸ்ஸ புடிக்கற மாதிரி ஓட்டுனா இந்த பலன் வராது! பத்து நிமிஷம் போதும், தலை சுத்துச்சுன்னா விட்டுட்டு சாதாரணமா மூச்சு விடுங்க.

அடுத்து மலைக்கோயில். ஓசூர் சந்திரசூடேஸ்வரர் மலைக்கு வண்டிலயே மேல போயிடலாம், ஆனா முட்டியும் நெஞ்சும் நல்லா இருந்தா படி ஏறுங்க. அரூர் பக்கம்னா தீர்த்தமலை. ஃபோன கீழயே வச்சுட்டுப் போங்க, செல்ஃபி இல்லைன்னா சாமி கோச்சுக்காது. தர்மபுரி பக்கம் அதியமான்கோட்டை காலபைரவருக்கு தேய்பிறை அஷ்டமியில செம கூட்டம், கூட்டம்னாலே படபடப்பு வர்றவங்க வேற நாள் போங்க.

தனியா இருக்கறவங்களுக்கு பஜனை, அன்னதானத்துல பரிமாறப் போறது ரொம்ப நல்லது, நாலு பேர் மூஞ்சி பாத்து பேசறதே பாதி பாரத்த எறக்கும்.

ஒண்ண மட்டும் விடுங்க, 'சாமி என்னைய தண்டிக்குது'ங்கற நெனப்ப. அது மனச இன்னும் கெடுக்கும். அதச் சொல்லியே பரிகாரத்துக்கு ஆயிரக்கணக்குல கேக்கறவங்ககிட்ட இருந்து எந்திரிச்சு வந்துடுங்க.

பிபி, சுகர் மாத்திரைய விரதம்னு நிறுத்தாதீங்க, சுகர் இருந்தா டாக்டர கேக்காம விரதமே வேணாம். தூக்கம், சாப்பாடு ரெண்டு வாரமா கெட்டிருந்தா ஜிஹெச்ல மனநல டாக்டர பாருங்க. சாகணும்னு தோணுச்சுன்னா விடியற வரைக்கும் காத்திருக்காதீங்க, 14416க்கு உடனே அடிங்க, டெலி மானஸ்னு அரசாங்கத்தோட மனநல உதவி எண், 24 மணி நேரமும் ஃப்ரீ, தமிழ்லயே பேசுவாங்க.